செல்வி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை

என் பிரியமான சுமதியக்கா,

உன் கதையைத் திருடிவிட்டார்கள். திருடியதோடு நிற்காமல், புருஷனின் அடி தாங்காமல் பிள்ளையோடு பஸ் ஏறிய உன் செல்வியை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கி, அவன் காலில் விழ வைத்துவிட்டார்கள்.

ஆடியோ நாவல் சேனல் ஒன்று. தலைப்பு வேறு, உன் பெயர் எங்கும் இல்லை. மற்றபடி வரிக்கு வரி நீ எழுதியதுதான். கடைசி அத்தியாயம் மட்டும் அவர்களுடையது. குடும்பப் பெண்கள் கேட்கிறார்களாம், அவர்களுக்கேற்ற முடிவாம்.

செல்போன் வந்துதான் எழுத்து கெட்டது என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சூரமங்கலம் ஜவுளிக்கடை வேலைக்கு டவுன் பஸ்ஸில் நின்றபடியே கட்டைவிரலால் எழுதியவள் நீ. எந்தப் பதிப்பகம் உனக்குக் கதவைத் திறந்தது? கதைச் செயலியில் உன்னை வாசித்தவர்கள், மஞ்சள்காமாலையில் நீ போய் ஒரு வருடமாகியும் "அடுத்த கதை எப்போது?" என்று கேட்கிறார்கள். என் சண்டை போனோடு இல்லை. செத்தவள் கேட்கமாட்டாள் என்று உன்னைத் திருத்துகிறவர்களோடு.

இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அம்மா. மல்லசமுத்திரத்தில் களை வெட்டப் போகும்போதும் இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு கதை கேட்கிறாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவள் உன் கதையை முதல்முறையாகக் கேட்டது அந்தச் சேனலில்தான். நம் எருமைக்கு நாம் வைத்த பெயர் வந்ததும், இது உன் கதை என்று பிடித்துவிட்டாள்.

"பாத்தியா, கடைசில அவளே நான் சொன்னதத்தான் எழுதியிருக்கறா" என்றாள். நீ புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து, "போய்ச் சேந்து பொழை சாமி" என்று உன்னை அரித்தவள் அல்லவா?

"அது அக்கா எழுதுன முடிவில்லம்மா."

"அந்தப் புள்ள எத்தன அழகாப் படிக்கறா. அவ எதுக்குடி பொய் சொல்றா?"

"அது புள்ளையே இல்ல. மிஷினு பேசற கொரலு."

"மிஷினுக்கு மூச்சு வாங்குமாக்கும்? போடி, பொறாமை புடிச்சவளே."

செயலியிலிருந்து உன் கடைசி அத்தியாயத்தை எடுத்து, என் குரலில் பதிந்து, இணையத்தில் ஏற்றினேன். மூன்றாம் நாள் நீக்கிவிட்டார்கள். அந்தச் சேனலின் உடைமையை நான் திருடிவிட்டேனாம்! சிரிக்கிறாயா? எதிர்த்து எழுதிவிட்டு மறுபடி ஏற்றினேன். இனியும் நீக்கினால் இனியும் ஏற்றுவேன், உன் பெயரோடு. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நேற்று அம்மாவின் போனை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நீ எழுதியபடியே வாசித்தேன், செல்வி பயணச்சீட்டைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவது வரை. அம்மா நடுவில் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை. முடித்ததும் கேட்டேன்.

"அக்கா அந்த ஊட்ட உட்டு வந்தது தப்பா? தப்பில்லைன்னு ஒருக்காச் சொல்லும்மா. அவ பேரச் சொல்லிச் சொல்லு."

அம்மா அணைந்த போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
வளர்மதி