மெதுவாக விடும் குழாய்

மார்ச் 4
ஒரு முழு வரியை அடித்தல் இல்லாமல் எழுதிவிட்டேன். இந்த வயதில் எழுதக் கற்று! மருமகள் பார்த்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாமா" என்றாள். ஊரட்டும். எறும்பும் கடிக்கும்.

மார்ச் 9
தண்ணீர்க் கொட்டகையில் குழாய் திறந்துவிடுவது என் வேலை. ஆலையின் கழிவுக் குளம் கசிந்து கிணறுகளில் கதிரியக்க நஞ்சு கலந்த பிறகு, ஊரே இங்கேதான் பிடிக்கிறது. கிணற்று நீரை வடிகட்டும் தொட்டிக்குள் ஒருவகைக் களிமண். தாள் தாளாக அடுக்கியதுபோல் இருக்குமாம். நஞ்சு நடுவே நுழைந்தால் கவ்விக்கொள்ளும், விடாது. "ஆனா மெதுவா விடணும் ஐயா. வேகமாப் போனா மண்ணுக்குப் புடிக்க நேரம் இருக்காது" என்றார் இன்ஜினியர் அம்மா.
எனக்கேற்ற மண். நானும் விடமாட்டேன்.

மார்ச் 10
யாரை? என் சகலையை. ஆலையில் மேஸ்திரியாக இருந்தவன். கசிவு தெரிந்ததும் தன் வீட்டுக்கு மட்டும் லாரித் தண்ணீர் வரவழைத்தான். கிணற்றில் சேறு என்று பெண்டாட்டியிடம் சொன்னான். எங்களிடம் அதுகூடச் சொல்லவில்லை. என் மனைவி கிணற்று நீரையே குடித்தாள். போய்விட்டாள். சாவு வீட்டில் "விதி" என்றான். விதியாம்!

மார்ச் 17
லாரி நின்றுவிட்டது. கேனோடு வந்தான்! வரிசையில் கடைசி ஆள்.
"என்ன சகல, சின்னப் புள்ள மூத்திரம் மாதிரி விடுற? நல்லாத் திற."
கேட்டதைக் கொடுத்தேன். முழுக்கத் திறந்தேன். பளிங்கு மாதிரிதான் விழுந்தது. வீடுவரை சீட்டியடித்தபடி நடந்தேன்.

மார்ச் 18
விடிந்துதான் உறைத்தது. அந்தக் கேனில் மச்சினியும்தானே குடிப்பாள்? என் மனைவியின் தங்கை. அவள் என்ன செய்தாள்? — ஓடினேன்.
"குடிச்சியாம்மா?"
"பழைய தண்ணியே இருக்கு அத்தான். ஏன்?"
கேனைக் கவிழ்த்தேன். "பைத்தியமாய்யா உனக்கு?" என்றான் அவன். ஆமாம்.

மார்ச் 19
இனி அவனுக்கும் மெதுவாகத்தான். வெயிலில் நிற்கட்டும்.

மார்ச் 26
சகலையும் மச்சினியுமாக வந்தார்கள். கேன் பாதிகூட நிறையவில்லை. பின்னால் நின்ற தையல்காரி கேட்டாள்: "உங்க வீட்டுக்கு மட்டும் அப்ப லாரி ஏன் வந்துச்சு?" கேனைப் போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை அவனால்.
"கசியுதுன்னு தெரியும். வெளிய சொன்னா வேலை போயிருக்கும்" என்றான்.
"அக்கா குடிச்சாளே!" என்றாள் மச்சினி. அவ்வளவுதான். கேனை விட்டுவிட்டு நடந்தாள்.

ஏப்ரல் 6
மச்சினி எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். காலையில் அவளே வந்து பிடித்துப் போனாள். பிறகு அவன், ஓர் ஆளுக்குப் போதுமான சின்ன கேனோடு. மெதுவாக விட்டேன். நல்ல தண்ணீர். நூறு வயது இருக்கட்டும்.