என்ஜின் நின்ற பிறகு

கையில் டீசல் வாசம் போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விரல் இடுக்கில் அப்படியே இருக்கிறது. இந்த வாசத்தை முதலில் கண்டுபிடித்தவள் நீதான். நான்தான் அதைக் கேலி செய்தேன்.

இன்று காலை நம் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை. அதை விற்றுவிடுவது என்று முடிவு செய்து பத்து நாளாகிறது. மதியம் மன்னார்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. கத்தாருக்குத் திரும்பி வரச்சொல்லிக் கம்பெனியில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். வண்டி கைமாறிவிட்டால் நான் இங்கே இருப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அதனால் அது இன்றைக்கு ஓடியாக வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்கக் கூடாது என்றுதான் எழுந்தேன்.

நம் வண்டியை ஓட்டும் காளிமுத்து அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினார்.

"போன மார்கழில பண்ணுன அதே லொள்ளுதான் தம்பி. சாவியத் திருப்புனா சுத்துது சுத்துது, புடிக்க மாட்டேங்குது. அப்புடியே புடிச்சாலும் வெள்ளப் பொகையக் கக்கிட்டு நாலு நிமிஷத்துல படுத்துருது."

"போன தடவ என்ன பண்ணீங்க?"

"நீங்கதான் அங்கேர்ந்து ஹீட்டர் பிளக்க மாத்தச் சொன்னீங்க. தங்கச்சி வாங்கியாந்து மாத்த வச்சுது. அப்பறமும் மாசி வரைக்கும் மக்கர் பண்ணுச்சு. பெறகு தானா சரியாப் போச்சு."

தானாகச் சரியாகும் பழுது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. பழுது ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். டிப்ளமோ படித்தவன், ஏழு வருடமாக டீசல் ஜெனரேட்டர் பார்க்கிறவன், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

போன வருடச் சத்தத்தையும் இந்த வருடச் சத்தத்தையும் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் போனை எடுத்தேன். ஆறு மாதமாக உன் பெயரைத் தொடாமல் கீழே கீழே தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நாற்பத்து மூன்று வாய்ஸ் மெசேஜ். போன மார்கழியிலிருந்து இந்த வைகாசி வரை நீ அனுப்பியவை. அதற்கு முந்தைய ஐப்பசியில் நான் லீவில் வந்தபோது, மூன்று கை மாறிய இந்த வண்டியை நாம் வாங்கினோம். நான் விமானம் ஏறிய பிறகு உர மூட்டை, பாய் நாற்று, வைக்கோல் கட்டு என்று ஆர்டர் பிடித்து ஓட்டியது நீயும் காளிமுத்து அண்ணனும்தான். எந்தச் சத்தம் புதிதாக வந்தாலும் நீ என்ஜின் பக்கத்தில் போனைப் பிடித்து எனக்கு அனுப்புவாய். சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் கேட்பேன். இந்த வால்வு, அந்த பெல்ட் என்று பதில் அனுப்புவேன். கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். "கத்தார்ல உக்காந்து கூத்தாநல்லூர் வண்டிக்கு வைத்தியம் பாக்குறேன் பாத்தியா."

முதல் மெசேஜைத் தட்டினேன். உன் குரல்.

"மச்சான், வண்டிகிட்ட நிக்கிறேன். கேக்குதா? சும்மா கடகடன்னு இல்ல, கிரைண்டர்ல கல்லு தட்டுமே, அந்த மாதிரி. காளிமுத்து அண்ணன் பேய் புடிச்சிருக்குங்குறாரு. அப்பறம் மச்சான், டீசல் வாசம் வருது. முன் டயர் பக்கமா."

அதற்குக் கீழேயே என் பதில். நான் சிரிக்கிறேன். "டீசல் வண்டில டீசல் வாசம் வராம அத்தர் வாசமா வரும்? இந்தா பாரு, என்ஜின் ஓடும்போது நீ பேசாத. எனக்குச் சத்தம் மட்டும்தான் வேணும்."

என் குரலைக் கேட்டு எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. போனை மட்கார்டு மேல் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். முன் டயர் பக்கம். டேங்கிலிருந்து பில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸ் அங்கேதான் போகிறது. கிளிப்பை நகர்த்திப் பார்த்தால், அதற்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. வண்டி நிற்கும்போது அதன் வழியே டீசல் கசிகிறது. ஓடும்போது அதே வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. டீசலோடு காற்று கலந்தால் எந்த என்ஜினும் புகையைக் கக்கிவிட்டுப் படுக்கத்தான் செய்யும். மார்கழிக் குளிரில் ரப்பர் சுருங்கி வெடிப்பு திறக்கும். வெயில் ஏறினால் ரப்பர் இளகி மூடிக்கொள்ளும். போன வருடம் ஹீட்டர் பிளக்கில் ஒரு தப்பும் இல்லை. பங்குனி வெயில் வந்து என் தவறை மூடி வைத்திருக்கிறது. நீ மூக்கால் சொன்னதை நான் காதால் தேடிக்கொண்டிருந்தேன்.

ஹோஸைக் கழற்றினேன். முழங்கை வரை டீசல் வழிந்தது. அப்போதுதான் போன் நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒரு மெசேஜ் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் அல்லவா. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. நீ பேசவே இல்லை. வெறும் என்ஜின். பிறகு சாவியைத் திருப்பும் சத்தம். என்ஜின் நின்றது. அங்கேதான் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே. இன்று என் கை இரண்டிலும் டீசல். எழுந்து நிறுத்த முடியவில்லை.

இரண்டு வினாடி கழித்து நீ பேசினாய்.

"நிறுத்தியாச்சு மச்சான். இப்பப் பேசலாம்ல?" ஒரு சிரிப்பு. "இன்னைக்கி மாமி வச்ச மீன் கொழம்புல உப்பே இல்ல. யாரும் வாயத் தொறக்கல. மாமா மட்டும் ஊறுகாயா எடுத்துப் போட்டுக்கிட்டாங்க."

நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

மூன்றாவது. என்ஜின், நிறுத்தம், பிறகு நீ. நான்காவது. ஒவ்வொன்றிலும் அப்படித்தான். ஓடும்போது பேசாதே என்று நான் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கொண்டு, வண்டி நின்ற பிறகு பேசியிருக்கிறாய். ராத்திரி வீடியோ காலில் அம்மா, அத்தா, தம்பி பிள்ளைகள் என்று வீடே கூடி நிற்கும். நீ பின்னால் நின்று தலையை ஆட்டுவாய். நாம் இரண்டு பேர் மட்டும் பேச உனக்கு இருந்த இடம் இதுதான் போலிருக்கிறது. நான் ஒரு நாளும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ ஓடும்போது காளிமுத்து அண்ணன் பேட்டரி பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், அண்ணன் ஒரு வைக்கோல் கட்ட ரோட்டுலயே விட்டுட்டு வந்துட்டாரு. கேட்டா, அது நம்மளப் புடிக்காம தானா எறங்கிருச்சுங்குறாரு."

"பொய்யி தங்கச்சி, கயிறு அந்துச்சு" என்றார் அண்ணன், பட்டென்று. சொல்லிவிட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது, யாரிடம் பதில் சொன்னோம் என்று. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு தெருப் பக்கம் போய்விட்டார்.

பக்கத்தில் கிடந்த டூல்ஸ் பெட்டியிலிருந்து புது ஹோஸை எடுத்து அளந்து வெட்டினேன். கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிளிப்பை மாட்டினேன். நீ ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்டதைச் சொன்னாய். பச்சை நிறத்தில் சேலை ஒன்று பார்த்து வைத்திருப்பதைச் சொன்னாய். இருபத்தொன்பதாவது மெசேஜில், சித்திரையில், என்ஜின் நின்றதும் முதலில் உன் மூச்சுதான் கேட்டது. பின்கட்டிலிருந்து வண்டிவரை நடந்து வந்த தூரம்தான். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாய்.

"மச்சான், மாடிப்படி ஏறுனா நெஞ்சுல யாரோ கைய வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. படுத்தா இருமல் வருது. வீடியோ காலுல எல்லாரும் இருக்கையில சொன்னா பதறிடுவாங்க. அதான் இதுல சொல்றேன். நீங்க சொன்னா டாக்டர்கிட்ட போறேன்."

கீழே நான் அனுப்பிய பதில் அப்படியே இருக்கிறது, எழுத்தில். 'ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கு. டைட் பண்ணச் சொல்லு.'

முப்பத்து நான்காவதில் நீ சொன்னாய்: "நெஞ்சு விஷயம் சொன்னேன்ல, நீங்க அதப்பத்தி ஒண்ணும் சொல்லல. அப்பப் பயப்புடற மாதிரி ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். சரி மச்சான். பெல்ட்ட டைட் பண்ணியாச்சு."

அதற்கு மேல் முடியவில்லை. ஊர்ந்து வெளியே வந்து, டீசல் கையாலேயே போனை நிறுத்தினேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னிடம், "இதயத்துல ஒரு வால்வு ரொம்ப நாளா சுருங்கிக்கிட்டே வந்திருக்கு. இவங்க மூச்சு வாங்குதுன்னு யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உறுதியாகச் சொன்னேன். வால்வு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ஜின்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன் வாயில் குழாய் இருந்தது. நீ நான்கு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பேச முடியவில்லை. உன் கண்ணில் ஏதோ கேள்வி இருந்தது. வலிக்கிறதா என்று நான் கேட்டேன். நீ தலையை ஆட்டவில்லை. அது வேறு கேள்வி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நான் கேட்காமலே நீ என்னை மன்னித்திருப்பாய் என்று அம்மா சொல்லக்கூடும். அம்மாவிடம் நான் இதைச் சொல்லப் போவதில்லை.

மன்னார்குடிக்காரர் தாமதமாக, அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குத்தான் வந்தார். பில்டர் மேலிருக்கும் கை பம்ப்பை அழுத்தி, டீசலில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. பானெட்டைத் திறந்து வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு பாய். போதும், அணைச்சுடுங்க."

அணைத்தேன். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பானெட்டுக்குள் சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன பாய், இன்னும் என்ன கேக்குறீங்க? அதான் நின்னுருச்சே."

"செத்த பேசாம இருங்க சார்" என்றார், தெருவிலிருந்து திரும்பி வந்திருந்த காளிமுத்து அண்ணன்.

 மூன்று பேரும் நின்றோம். பிறகு நான், போன வருடத்திலிருந்து ஹோஸில் வெடிப்பு இருந்ததையும், கண்டுபிடிக்காமல் விட்டது நான்தான் என்பதையும் மன்னார்குடிக்காரரிடம் சொன்னேன். அதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டார். ஓட்டுவதற்குக் காளிமுத்து அண்ணனையே வைத்துக்கொள்கிறேன் என்றார். தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் குறையும் இல்லை.

கத்தாருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

முழுதாகக் கேட்காத மெசேஜ் இன்னும் ஒன்பது இருக்கிறது. போனில் அவற்றைப் பார்த்தாலே புரிகிறது. என்ஜின் ஓடும் இடத்தில் கோடுகள் உயரமாக நெருக்கி நிற்கின்றன. பிறகு வெறும் புள்ளிகள். பிறகு மறுபடியும் சின்னச் சின்னக் கோடுகள். அந்தச் சின்னக் கோடுகள் நீ. நீ அனுப்பிய அந்த ஆறு மாதமும் என் கண் முன்னால்தான் இருந்திருக்கின்றன.

கடைசி மெசேஜ், உன்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பு அனுப்பியது. அதில் என்ஜின் ஒன்பது வினாடிதான். மிச்சம் ஒரு நிமிடத்துக்கு மேல் சின்னக் கோடுகள்.

அதை இன்னும் கேட்கவில்லை. போனில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.