விருப்பத்துடன் கொடுத்த காணி

தொண்டைமானாறு
04.03.2025

அன்புள்ள தங்கச்சி தயாளினிக்கு,

அண்ணை சுகம். போனில் கதைத்தால் இருவருக்கும் கோபம் வருகிறது, அதனால் கடிதம்.

வீடற்றோர் வீட்டுத்திட்ட விதியை மாற்றிவிட்டார்கள். முன்பு சொந்தக் காணி உறுதி கேட்டார்கள். இப்போது காணிக்காரரின் சம்மதக் கடிதம் போதும். நான் கொட்டில் போட்டிருக்கும் காணிக்குத் தம்பிராசா மாமா அதைத் தந்துவிட்டார். ஆனால் தன் காணியை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தவருக்கு வீடு இல்லையாம். உன் சீதனத்துக்கு எழுதிய இரண்டு பரப்புக் காணியால் நான் வெளியே.

புதிய விதியால் யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு என்று பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து சுபாஜினி என்ற பிள்ளை விசாரித்துத் திரிகிறா. எங்கள் பக்கத்தில் பதினொரு பேர் புதிதாக உள்ளே, நாலு பேர் வெளியே. "நாலு பேரும் சீதனம் குடுத்த அண்ணைமார்தான், ஐயா," என்று சிரித்தா. காணி எப்படிக் கைமாறியது என்று வாங்கியவர் எழுதித் தந்தால் மேன்முறையீடு செய்யலாமாம்.

மாதிரிக் கடிதம் இணைத்திருக்கிறேன். உங்கள் மானம் போகாதபடி, "அண்ணை முழு விருப்பத்துடன் தந்தார்" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. தகரக் கொட்டிலில் இது ஆறாவது வருடம். ஏழாவது இராது, பார்.

அண்ணை
அருட்செல்வன்

கொக்குவில்
13.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இவர் விரும்பவில்லை. "எங்கடை சீதனக் கதை கந்தோரிலை எதுக்கு? ஊர் சிரிக்கும்," என்கிறார். அந்தக் காணியை விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டினோம், நான் மறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

தயாளினி

தொண்டைமானாறு
18.03.2025

தங்கச்சிக்கு,

மேன்முறையீட்டுக்கு 28ஆம் திகதி கடைசி நாள். மன்றாட மாட்டேன். வீட்டுக்குச் சீமெந்துக் கல் அரிவதற்கு இடம் துப்புரவாக்கிவிட்டேன்.

அண்ணை

கொக்குவில்
28.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று கந்தோருக்குப் போனேன். இவர் வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

உங்கள் மாதிரிக் கடிதத்தைச் சுபாஜினி வாசித்தா. "அக்கா, விருப்பத்தோடை குடுத்ததெண்டா அவருக்கு வீடில்லை. வேறை வழியில்லாமல் குடுத்தவைக்குத்தான் விலக்கு," என்றா. பேனை வாங்கி அந்த வரியை வெட்டினேன். "காணி எழுதாவிட்டால் தாலி இல்லை என்று நாங்கள்தான் கேட்டோம். அண்ணை மூன்று நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு எழுதினார்," என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இதை என்ரை அறிக்கையிலை சேர்க்கலாமோ?" என்று கேட்டா. "ஓம், பேரோடை சேருங்கோ," என்றேன். உங்கள் பெயரை அவ திரும்பப் பட்டியலில் எழுதியதை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வழியெல்லாம் இவர் கோபத்தில் பள்ளம் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை ஓட்டினார். பரவாயில்லை.

கல் அரியும் நாளைச் சொல்லுங்கள், அண்ணை. சாப்பாடு நான் கொண்டு வாறன்.

தங்கச்சி
தயாளினி