கையில் ஒற்றைச் செருப்பு

மே 7, திங்கள்

விடுமுறை முகாமின் முதல் நாளே தொண்டை போய்விட்டது. எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். போன வருடம் தனியாகச் சமாளித்தேன். இந்த வருடம் பொறுப்பாளரை நச்சரித்து இவளையும் சேர்த்துவிட்டேன். இல்லாவிட்டால் வீட்டில் போனைத் தடவிக்கொண்டு கிடப்பாள்.

பிள்ளைகளில் ஒருத்தி தனி ரகம். வாலு என்று பெயர் வைத்திருக்கிறேன். அணி பிரிக்கும்போது வண்ணப் பெட்டியைக் கவிழ்த்தாள். பக்கத்தில் நின்றவன் கையைக் கடித்தாள். பிறகு வேலியைப் பார்த்து ஒரே ஓட்டம். அவள் ஓடினால் மற்றவையும் வேடிக்கை பார்க்க ஓடுகின்றன. நான் அவள் பின்னால், தங்கை மற்றவர்கள் பின்னால்.

மாலையில் அவள் அம்மா மருத்துவமனை வேலைச் சீருடையோடே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இது மூணாவது முகாம்மா. இங்கயும் வேண்டாம்னுட்டா நான் வேலைய விட வேண்டியதுதான்" என்றார்.

"நான் பாத்துக்கறேங்க" என்று ஏன்தான் சொன்னேனோ.

மே 8

மறுபடியும் கடித்தாள். இந்த முறை என்னை.

மே 10, வியாழன்

இன்று ஓடிப் பிடித்ததும் திட்டவில்லை. திட்ட மூச்சும் இல்லை. குழாயடித் திட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே சொன்னாள்: "கோவம் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆனா கால் தானா ஓடிடும்."

"அப்ப கால் ஓடுறதுக்கு முன்னாடி ஒரு செருப்பக் கழட்டி என் கையில குடுத்துடு. இந்தச் சரளைக்கல்லுல ஒத்தச் செருப்போட எப்படி ஓடுவ?"

யோசித்துவிட்டுச் சிரித்தாள். முதல் சிரிப்பு! பேரமும் பேசினாள். செருப்பு என் கையில் இருக்கும்வரை யாரும் அவளிடம் பேசக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. காலை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சரி என்றேன்.

வரும் வழியில் பேருந்தில் தங்கையிடம் சொன்னேன். "செமக்கா! உனக்கு எங்கேர்ந்துதான் இதெல்லாம் தோணுதோ" என்றாள். பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

மே 15, செவ்வாய்

பலிக்கிறது. பந்து கைக்கு வராதபோது, யாராவது கேலி செய்தால், மூக்கு விடைக்க வந்து செருப்பை என் கையில் திணிக்கிறாள். பக்கத்திலேயே ஒற்றைக் காலில் நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் கால் நீளும். கடி இல்லை, ஓட்டம் இல்லை.

கையில் செருப்போடு நான் நிற்பதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. யாரையோ அடிக்கக் கிளம்பியவள் மாதிரி. தங்கையிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உன்னப் பாத்தா எனக்கே பயமா இருக்குக்கா."

மே 16, புதன்

எப்படி எழுதுவது.

வேலிக்கு வெளியே நின்ற யாரோ ஒரு பிள்ளையின் அப்பா பார்த்திருக்கிறார். பொறுப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். "குழந்தைக்குச் செருப்பக் காட்டி மிரட்டறீங்களாமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு, அவர் முகம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே கட்டுக்கதை மாதிரிதான் கேட்டது. பரவாயில்லை, சாட்சிதான் இருக்கிறதே என்று நினைத்தேன். "என் தங்கச்சிக்கு எல்லாம் தெரியும் சார். கூப்பிட்டுக் கேளுங்க."

வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல சார். நான் மத்த பிள்ளைங்களப் பாத்துட்டு இருந்தேன்."

தெரியலையா? உனக்காடி தெரியல?

வாலுவைக் கேளுங்கள் என்றேன். சின்னப் பிள்ளை, பயத்தில் எதையாவது சொல்லும் என்றார். இனி நான் பொருள் அறையில் பந்தும் கயிறும் எடுத்துக் கொடுக்க வேண்டும். குழு தங்கைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அழுகிறாள். "நானும் சேர்ந்துதான் மிரட்டினேன்னு ஆயிடுமோன்னு பயந்துட்டேன்கா. ரெண்டு பேருக்கும் வேலை போயிருந்தா?"

அவளைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியது நான். கூட இருந்தே குழி பறித்தாள் என்று ஊரில் சொல்வார்கள். இவள் பறிக்கக்கூட இல்லை, நான் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எது மோசம்?

மே 18, வெள்ளி

பொருள் அறை ஜன்னலிலிருந்து மைதானம் முழுவதும் தெரிகிறது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

கயிறு இழுக்கும் போட்டி. வாலுவின் மூக்கு விடைப்பது இங்கிருந்தே தெரிந்தது. செருப்பைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினாள். தங்கை வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், பின்னால் ஒரு அடி வைத்தாள். "கால்ல போடு, கால்ல போடு" என்று கத்தினாள். அந்தச் செருப்பு எதற்கு என்று நன்றாகத் தெரிந்தவள்! வாங்கினால் தன்னையும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம்.

பிறகென்ன. செருப்பு பறந்தது, ஒருத்தியின் நெற்றி வீங்கியது. இன்னொரு தடவை நடந்தால் வாலுவை நிறுத்திவிடுவதாக அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா போகும்போது என் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "நான் பாத்துக்கறேங்க" என்றவள் உள்ளே பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

மே 21, திங்கள்

பொறுப்பாளர் பொருள் அறையில் வலை தேடிக்கொண்டிருந்தார். வெளியே தங்கையின் குரல், "நில்லு! நில்லு!" எட்டிப் பார்த்தால், சரளைக்கல்லில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வாலு. கழற்றிய செருப்பு கையில். நேராக வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"புடி. வரப்போகுது."

வாங்கிக்கொண்டேன். பொறுப்பாளர் ஏதோ சொல்ல வந்தார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன், அடங்கிவிட்டார். தங்கை மூச்சு வாங்க வந்து நின்றாள். யாரும் பேசவில்லை. வாலு சுவரில் சாய்ந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டாள். பிறகு வாசல் வழியாகக் கால் உள்ளே நீண்டது. குனிந்து மாட்டிவிட்டேன். "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

பொறுப்பாளர் தங்கையிடம் கேட்டார். "இதத்தான் சொன்னாங்களா?"

"ஆமா சார்."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவ்வளவுதான். அன்றைக்கும் இந்த ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

நாளை முதல் குழு மறுபடி என்னுடையது. வாலுவும் இருப்பாள். சந்தோஷப்பட வேண்டும். அவள் அம்மாவை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தங்கை இருக்கும் அறைக்குள் போகத்தான் கால் வரவில்லை.

மே 22, செவ்வாய்

வாலு இன்று செருப்பைத் தரவே இல்லை. இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டதோடு சரி.

தங்கையைப் பெரிய பிள்ளைகள் குழுவில் போட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் முன்னால் ஏறி, பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வீடு வரைக்கும். அவளும் பையை எடுக்கவில்லை.