குடைக்காரியும் இருபது சீட்டும்

2007 ஒக்டோபர் 2, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கு வெயில். வயிற்றுவலி என்று கங்காணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வேலைக்குப் போகவில்லை. வயிற்றில் ஒரு வலியும் இல்லை. கொம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினேன். வயது நாற்பத்தேழு. எழுதும்போது எனக்கே சிரிப்பு. இந்தக் கொப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

மகள் மலர் பதுளையில் கொம்ப்யூட்டர் வகுப்பில் வேலை செய்தாள். கல்யாணமாகிக் கண்டிக்குப் போகும்போது, வகுப்பில் ஒதுக்கிப் போட்ட பழைய பெட்டியை எங்களுக்கு விட்டுப்போனாள். இந்த விளையாட்டு அதற்குள் கிடந்தது. சண்டைச் சீட்டு. ஆளுக்கு இருபது சீட்டு, நாமே பொறுக்கிக் கட்ட வேண்டும். நானும் வீட்டுக்காரரும் ஒரே பெட்டியில் மாறி மாறி ஆடுவோம். ஒருவர் ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருக்கும் சீட்டு தெரிந்துவிடும். எங்கள் சுவரில் ஆணி பதினொன்று.

சீட்டின் மேல்மூலையில் உள்ள எண் செலவு. கீழ்மூலையில் பலம். நடுவில் பொடி இங்கிலீஸ். அது எனக்கு ஆகாது. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் மழையில்லாத நாட்களில் மட்டும். படத்தைப் பார்த்து நானே பெயர் வைத்துவிட்டேன். நாய், பாம்பு, கரடி, கிணறு, நெருப்புப் பல்லி.

இன்று பெட்டியோடு ஆடிப் பத்தாவது வெற்றி. பரிசு ஒரு புதுச்சீட்டு. குடை பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பொம்பளை.

மாலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழிப்பார்கள். நானும் சீட்டை அப்படித்தான் நிறுப்பேன். பலத்திலிருந்து செலவைக் கழி.
நெருப்புப் பல்லி: 9, செலவு 8. மிச்சம் 1.
நாய்: 2, செலவு 1. மிச்சம் 1.
குடைக்காரி: பலம் 1, செலவு 2. கழித்தால் வெறும் கூடை.

வீட்டுக்காரர் பெக்டரியிலிருந்து வந்தார். நான் அவரைத் துரை என்று கூப்பிடுவேன். கோபம் வரும், அதற்காகத்தான். எட்டாம் வகுப்பு வரை போனவர், இங்கிலீஸ் எழுத்துக் கூட்டுவார்.

"துரை, இதுல என்னா போட்டிருக்குன்னு வாசிங்க."

திரையில் மூக்கு முட்டக் குனிந்தார். "வந்ததும் ஒன் கையில இருக்கிற ரெண்டு சீட்டத் தின்னுபுடுவாளாம். தூக்கிப் போடு, புள்ள."

தூக்கிப் போட்டேன்.

4, வியாழன்

தூறல். கொழுந்து இருபது கிலோ. காலில் கடித்த அட்டை மூன்று.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருக்கும் மருந்தையா யாழ்ப்பாணத்தார், நல்ல மனிதர், சிரிக்கமட்டும் தெரியாது. கடிதம் கொடுத்தார். துரையின் வலது கண் புரை ஒப்பரேசனுக்குப் பதுளையில் மூன்றாம் தடவையாக நாள் குறித்திருக்கிறார்களாம். இந்த மாதம் 25. முதல் இரண்டு நாளும் இவர் போகவில்லை. ஒரு தடவை காய்ச்சல் என்றார், ஒரு தடவை ஆடு குட்டி போடுகிறது என்றார். எங்களிடம் ஆடு இல்லை.

"இந்தமுறையும் போகாட்டி பேரை வெட்டிப்போடுவினம். பிறகு எப்ப கிடைக்குமெண்டு எனக்குத் தெரியாது. உம்மட மனுசனுக்கு விளங்கப்படுத்தும்."

"நீங்க சொல்லுங்க ஐயா. நான் சொன்னா இருபத்தாறு வருசமா வெளங்கல."

அவர் சிரிக்கவில்லை.

துரையிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கூரைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் சொருகினார். "கண்ணுக்குள்ள ஊசி குத்துவாங்களாம்டி. ஒனக்கென்ன, ஒன் கண்ணா?"

போன கிழமை கொழுந்து அரைக்கிற ரோலருக்குள் இவர் கை போகப் பார்த்ததாம். கூட வேலை செய்பவர் பிடித்து இழுத்திருக்கிறார். இவர் சொல்லவில்லை. பக்கத்து லயத்து வீடுகளில் கேள்விப்பட்டேன். இதில் எனக்குக் கேலி வரவில்லை.

9, செவ்வாய்

பிற்பகல் பெருமழை, மூன்று மணிக்கே மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெட்டியோடு ஓர் ஆட்டம். கட்டில் ஒரு சீட்டுக் குறைந்தது. ஒதுக்கிப் போட்டதில் ஏதோ ஒன்றை அமுக்கிச் சேர்த்துவிட்டேன். பார்த்தால் கு.கா., அந்தக் குடைக்காரி. போகட்டும் என்று ஆடினேன்.

கு.கா. இறங்கினாள். என் கைச்சீட்டை அவள் தின்னவில்லை. எதிரி என் நாயை அடித்தான். செத்த சீட்டு வழக்கமாக மூலையில் குழிக்குப் போகும். நாய் போகவில்லை. திரும்பி என் கைக்கு வந்தது! மறுபடி இறக்கினேன், அடித்தான், மறுபடி வந்தது. அவள் குடையோடு நிற்கும் வரைக்கும் என் ஆட்கள் யாருக்கும் சாவில்லை.

முதலில் வந்தது கோபம். நல்ல சீட்டு என்று தெரிந்து என்னை ஏமாற்றியிருக்கிறார், திருட்டுத் துரை.

10, புதன்

சமையல்: ரொட்டி, கட்டச் சம்பல். கோபத்தில் கொச்சிக்காய் கூடிவிட்டது. இரண்டு பேருக்கும் கண்ணீர்.

சாப்பிட்டதும் அதே சீட்டைத் திறந்து வைத்து ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். "இதுல என்னாங்க போட்டிருக்கு? மறந்துபோச்சு."

குனிந்தார். இடது கண்ணைத் துடைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இவ எதிரியோட பாம்ப மட்டும் வெரட்டுவாளாம். சும்மா சீட்டு."

போன கிழமை சீட்டைத் தின்றவள், இந்தக் கிழமை பாம்பை விரட்டுகிறாள்.

ஏமாற்றவில்லை. இவருக்கு எழுத்தே தெரியவில்லை. நல்ல கண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது.

பாத்திரம் கழுவினேன். ஒரே தட்டை மூன்று தடவை.

14, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன். துவைக்கும்போது யோசனை வந்தது.

"துரை, அடுத்த ஞாயிறு மூணு ஆட்டம். நான் செயிச்சா 25ஆம் தேதி பதுளைக்கு வர்றீங்க. வாயத் தொறக்காம."

"நான் செயிச்சா?"

"பொங்கல் வரைக்கும் ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்த பேசமாட்டேன்."

"ஒன்னால பேசாம இருக்க முடியுமா?"

"அதனாலதான் செயிக்கப் பாக்குறேன்."

கையில் அடித்துச் சத்தியம். இவர் ஆள் எப்படியோ, பந்தயத்தில் பேச்சு மாறமாட்டார். இரண்டு பேரும் சம பலம். போன மாதம் இவர் 14, நான் 13.

18, வியாழன்

இந்தக் கிழமை முழுவதும் சீட்டுக்கட்டு வேலைதான். கொழுந்து பறித்துக்கொண்டே மனதுக்குள் கட்டினேன். கங்காணி, "என்னா காமாட்சி, தனியா பேசுற?" என்றார். "ஒங்களத்தான் திட்டுறேன்" என்றேன். நம்பிவிட்டார்.

முதல் கட்டு: கு.கா., கரடி 6, பாம்பு 6, நாய் 7. பெட்டியோடு மூன்று ஆட்டம். தோ, தோ, வெ. கு.கா. ஒரே ஒரு சீட்டு, இருபதில் எங்கேயோ அடியில் கிடக்கிறாள். வந்தால் வெற்றி, வராவிட்டால் நாய் எல்லாம் குழியில்.

இரண்டாவது கட்டு: கரடியைக் கழித்தேன். முற்றிய இலை மாதிரி, பார்க்கப் பெரிது, கூடைக்குப் பாரம். பதிலுக்குக் கிணறு 4. கிணறு இறங்கினால் இரண்டு சீட்டுக் கூட எடுக்கலாம், அவள் சீக்கிரம் வருவாள். மிச்ச இடத்துக்கு இன்னும் இரண்டு நாய். ஐந்து ஆட்டம். வெ, வெ, தோ, வெ, வெ.

கடைசிக் கணக்கு: கு.கா. 1, கிணறு 4, பாம்பு 6, நாய் 9. பார்த்தால் ஏழைக் கட்டு. ஒரு பெரிய ஆள் கிடையாது.

ஒரு பயம். இவரிடம் இடிச்சீட்டு இரண்டு இருக்கிறது. அதைக் கு.கா. தலையில் போட்டால் கதை முடிந்தது. ஆனால் அவள் யாரென்று இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எழுத்துத் தெரிய வேண்டும்.

இது நியாயமா என்று கேட்டுக்கொண்டேன். நியாயமில்லை. சரி.

21, ஞாயிறு

வெயில், பிறகு இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் ஆட்டம். துரை சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், பெக்டரிக்குப் போகிற மாதிரி.

முதல் ஆட்டம்: கு.கா. வரவேயில்லை. நெருப்புப் பல்லி என் நாய்களை வரிசையாகத் தின்றது. தோல்வி. "பொங்கல் வரைக்கும், நாபகம் வச்சுக்க" என்றார். நான் சுவரில் ஆணி எண்ணினேன்.

இரண்டாவது: மூன்றாம் கையிலேயே வந்தாள். வெற்றி.

மூன்றாவது: இரண்டு கிணறு இறக்கி அவளைப் பிடித்தேன். இறக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். முதல் இடியைக் கிணற்றில் போட்டார். அடுத்த கையில் மறுபடி இடிச் சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது, சட்டம். "ம், ஒன் ஆட்டம்" என்றார். திரும்பினேன். போனது பாம்பு. திரும்பி என் கைக்கே வந்திருந்தது. குடைக்காரி அப்படியே நிற்கிறாள்.

அதற்குப் பிறகு நாய், நாய், நாய். பல்லி அடித்துக்கொண்டேயிருந்தது, அவை வந்துகொண்டேயிருந்தன. வெற்றி.

இவர் திரையருகே குனிந்தார். "அந்தக் கொடைக்காரி என்னாடி செய்யிறா?"

"நீங்கதானே வாசிச்சுச் சொன்னீங்க."

மவுஸை மேசையில் அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது, புள்ள. ஆறு மாசமா."

என்னிடம் மூன்று கேலி தயாராக இருந்தது. அவை கிடக்கட்டும். எழுந்து கூரையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தார்.

25, வியாழன்

முதல் பஸ். குளிர். பதுளை வரை நின்றுகொண்டே. கொண்டுபோனது: துவாய், சாரம் 2, பிளாஸ்கில் தேத்தண்ணி, விசுக்கோத்து, கிளினிக் அட்டை.

இறங்கும் இடத்தில் துரை என் கையைப் பிடித்தார். பஸ் குலுங்கியதால்தான் என்றார். பஸ் நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது நர்ஸ் வந்து பெயர் கூப்பிட்டார். இவர் என்னைப் பார்த்தார். "போங்க துரை, நாயெல்லாம் திரும்பி வந்துச்சில்ல" என்றேன். பக்கத்திலிருந்த அம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அரை மணித்தியாலம். அவ்வளவுதானாம். வெளியே வந்ததும் முதல் பேச்சு: "ஊசி ஒண்ணுமேயில்ல. நீதான் பயந்த."

27, சனி

கண்ணில் போட்ட கட்டு அவிழ்த்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. இடது கண்ணுக்கு மாசி மாதம் நாள். தானாகவே கேட்டார்!

வீட்டுக்கு வந்ததும் பார்த்தது எல்லாவற்றையும் வாசிக்கிறார். தீப்பெட்டி, கலண்டர், சவர்க்கார உறை. "இந்தச் சுவர் எப்பயுமே இவ்வளவு அழுக்கா?"

பின்னேரம் கு.கா.வைத் திறந்து கொடுத்தேன். எட்ட உட்கார்ந்தே எழுத்துக் கூட்டினார், மெதுவாக. "இவ... நிக்கிற வரைக்கும்... ஒன்னோட விழுந்த ஆளுங்க... ஒங்கிட்டயே திரும்பி வருவாங்க." இரண்டு தடவை வாசித்தார்.

"நல்ல சீட்டுடி. இதப் போயி தூக்கிப் போடச் சொன்னேனே."

31, புதன்

காலையில் வெயில். எனக்கு லீவு, இந்தத் தடவை உண்மையான லீவு. துரை புதுக் கண்ணோடு முதல் ஆட்டம். கு.கா. இறங்கிய அடுத்த கையிலேயே அவள் தலையில் இடி. பத்தே நிமிடத்தில் என்னைத் தோற்கடித்தார். சந்தோசத்தில் துள்ளி எழுந்ததில் வயர் காலில் சிக்கிப் பிளக் கழன்றது. வெற்றி பதிவாகவில்லை. குனியக் கூடாது என்பதால் பிளக்கைப் பொருத்த நான் குனிந்தேன். நிமிரும்போது தலை மேசையில் இடித்து, தேத்தண்ணி முழுவதும் கீபோர்டில். வெயில் நன்றாக இருந்ததால் கீபோர்டைக் கூரைத் தகரத்தில் காயவைத்துவிட்டு இருவரும் தூங்கினோம். மூன்று மணிக்கு மழை பெய்தது.