சாச்சி மடித்த நீல விரிப்புகள்

அன்புள்ள வாப்பா,

கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் இராக்காவல் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள்.

காலையில் உம்மாவின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கப்போகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம் சாச்சி, நேற்று மாடிக்கொடியில் நீல விரிப்புகளைக் கழுவிக் காயப்போட்டிருந்தார். ஆபரேஷனில் வழியும் இரத்தமும் பனிக்குட நீரும் தேங்க, அவற்றின் ஓரத்தில் பை இருக்கிறது. ஒருமுறை போர்த்தியதும் எரித்துவிட வேண்டியவை.

"மோட்டார் சைக்கிள மூடத்தான்டி," என்றார். அப்படியானால் ஏன் விற்கப்போகும் புதுச்சரக்குபோல உறையில் வைத்து ஒட்டினார்? உம்மாவுக்கும் இதைத்தான் போர்த்துவார்களோ?

அதையும் சாச்சியிடம் கேட்டேன்.

"உம்மாட்ட வாயத் தொறந்தா, நாளைக்கி தங்கச்சின்னு அவ பக்கத்துல நான் நிக்கமாட்டேன்."

அவர் தூங்கியபின் எல்லாவற்றையும் உறையோடு கத்தரித்துவிட்டேன். எலி கடித்ததென்று பொய் சொல்லமாட்டேன். அவர் எழும்போது நீங்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மகள்