கிரேஸ் கேட்ட இன்னொரு துண்டு

14 ஆகஸ்ட் 1974, சித்தூர்

பிறந்த அன்றே தன் குழந்தை இறந்துபோனதிலிருந்து நாத்தனார் கிரேஸ் யாரிடமும் பேசவில்லை. பத்து நாளாகக் கஞ்சி மட்டும்தான். நேற்று நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் பிரிவு உபசார விருந்தில் மீந்த சீஸ் துண்டுகளை என்னிடம் கொடுத்தார்கள். ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. இன்று மாலை அதைத் துருவி, சூடான பாலும் வெண்ணெயும் மிளகுத்தூளும் சேர்த்துக் குழைத்தேன். சீஸிலேயே உப்பு இருப்பதை மறந்து, உப்பும் போட்டுவிட்டேன். ரொட்டியில் தடவி அவள் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு வாய் கடித்தாள். "இன்னாண்ணி, இவ்ளோ உப்பு?"

அவள் குரலைக் கேட்டதும் அவசரமாக ரொட்டியை எடுக்கப் போனேன். "வேற செஞ்சு தரட்டுமாம்மா?"

"வேணாம். இன்னொண்ணு குடு. நீ துன்னியா?"

இல்லை என்றேன். அவளே ஒரு துண்டில் தடவி என் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன். ஆண்டவரே, இன்றைக்கு இது போதும்.